ஆயுத பூஜையில் சிக்கிய பெட்ரோல் பங்க்

பெரிய பொருளைச் சின்னதாகச் செய்தால் வேலையும் சின்னதாகிவிடும் என்று நம்பினேன். ஐம்பதை நெருங்கும் ஒருவன் இப்படி நம்பலாமா என்று கேட்காதீர்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எதையும் பாதியாக்க ஒரு பட்டனைத் தட்டினால் போதும். என் புத்தி அந்தப் பட்டனிலேயே நின்றுவிட்டது.

அக்காவின் கணவர், அதாவது என் மாமா, காஞ்சிபுரம் சாலையில் பெட்ரோல் பங்க் நடத்துகிறார். அவருடைய அப்பா கட்டியது. முன்னால் இரண்டு தூண், மேலே சிமென்ட் ஷீட் கூரை, பின்னால் ஒரு மேசை மட்டும் கொள்ளும் அறை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட எல்லாம் தயார்; மாமாவுக்குத்தான் மனசு வரவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நான் சும்மா இருக்காமல், "அந்தக் காலத்துல எப்டி இருந்துச்சோ அப்டியே ஒரு மாடல் செஞ்சி தர்றேன் மாமா, மேஜை மேல வெச்சிக்கோங்க" என்றேன். பேசியது நான் இல்லை, இரண்டாவது தடவை ஊற்றிய பாயசம்.

மாமா எச்சில் கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ குடுத்தப்புறந்தான்டா அதும்மேல கை வெப்பேன். விஜயதசமிக்கு இடிக்க பொக்லைன் வருது. ஏமாத்திடாத."

அட்டையும் கட்டருமாக உட்கார்ந்தேன். நிஜத்தில் ஓர் அடி, மாடலில் அரை அங்குலம் என்று கணக்கு. கையால் அடித்து பெட்ரோல் ஏற்றும் பழைய பம்புதான் படுத்திவிட்டது. அதன் தலையில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள் இருக்குமாம். பார்த்தவர் மாமா ஒருவர்தான். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் பம்பு ஓர் அடி வளர்ந்தது. குடுவைக்காக மாட்டாஸ்பத்திரிக்குப் போய், காலியான குட்டி மருந்துப் புட்டி இரண்டு கேட்டேன்.

"எந்த மாட்டுக்கு ஒடம்பு சரியில்ல?" என்றார் அங்கிருந்தவர்.

"மாடு இல்ல சார், பெட்ரோல் பங்க்."

"அதுக்கு இங்க ஊசி போட்றதில்ல, கெளம்புய்யா."

புட்டி என்னவோ கொடுத்துவிட்டார். பொம்மைக் கடையில் வாங்கிய அம்பாசிடர் கார் கூரைக்கு அடியில் நுழையவே இல்லை. சாலையிலேயே நிறுத்தினேன். பெட்ரோல் போட வந்த கார் இல்லை, வழி கேட்க வந்த கார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கூரை மட்டும் பாக்கி. பார்சல் அட்டையின் மேல்தாளை ஈரம் பண்ணி உரித்தால் உள்ளே நெளிநெளியாக இருக்கும், அச்சாகச் சிமென்ட் ஷீட். அதை அளவாக வெட்டி ஒட்ட ஒரு மணி நேரம் போதும். விஜயதசமிக்கு முதல் நாளை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். முதல் நாள் ஆயுத பூஜை. காலண்டரைக் கிழிக்கத் தெரிந்தவனுக்குப் படிக்கத் தெரியவில்லை.

குளித்துவிட்டு வந்தால், கட்டர், கத்தரிக்கோல், இரும்பு ஸ்கேல், பசை டப்பா எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாகப் படுத்திருந்தன.

"இன்னாம்மா இது? கட்டர் வேணும்."

"வெச்சாச்சி. நாளைக்கு பூஜை எடுக்கற வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றாள் மனைவி.

"அங்க மாமா இடிக்காம நிக்கறாரு..."

"நிக்கட்டும். வர்சம் முச்சூடும் சும்மா குந்திக்கினு இருந்துட்டு இன்னிக்குத்தான் சுறுசுறுப்பு வருதா உங்களுக்கு?"

அரிவாள்மணையும் பூஜையில்தான் இருந்தது. மத்தியானம் குழம்பில் உருளைக்கிழங்கு முழுசு முழுசாக மிதந்தது. எனக்கு எங்கே இறங்கும்? என்னால் பொக்லைன் திரும்பிப் போகிறது, மாமா நல்ல நாளைத் தவறவிடுகிறார், அக்கா என்னோடு பேச்சை நிறுத்துகிறாள் என்று வரிசையாகப் படம் ஓடியது. நைசாக நகவெட்டியை எடுத்து அட்டையைக் கடிக்க ஆரம்பித்தேன்.

பின்னால் ஒரு கை நீண்டது. "அதுவும் இரும்புதான? குடுங்க." நகவெட்டிக்கும் ஒரு பொட்டு விழுந்தது.

மறுநாள் கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் நான் கட்டரையும் பசை டப்பாவையும் எடுத்துவிட்டேன். சந்தனத்தோடேயே கூரையை வெட்டினேன். ஒட்ட நேரமில்லை. அதையும் பசை டப்பாவையும் பையில் போட்டு, பங்கை ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்து முழங்காலால் அணைத்துக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் போனேன்.

போய்ச் சேர்ந்தால், அங்கே பங்க் இல்லை. மண்மேடு இருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா, நான் குடுத்தப்புறந்தான்னு சொன்னீங்க?"

"நல்ல நேரம் ஏழரையோட முடிஞ்சிபோச்சிடா. பொக்லைன்காரன் வேற காவாந்தண்டலத்துல வேலை கீதுன்னு பறக்கறான். உனுக்காகவா நிப்பான்?"

மாடலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மண்மேட்டைப் பார்த்தார், மடியைப் பார்த்தார்.

"கூரை எங்கடா?"

"பையில கீது மாமா."

"பரவால்ல. அதுலயும் கூரை இல்ல, இதுலயும் இல்ல. கரெக்டாத்தான் செஞ்சிக்கினு வந்துகீற."

சிரிப்பார் என்று பார்த்தேன். திறந்து கிடந்த அந்த அறைக்குள் ஒரு விரலை விட்டு, தீக்குச்சியில் நான் செய்த மேசையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தார். அவர் குனிந்து பிடித்துக்கொள்ள, நான் அங்கேயே கூரையை ஒட்டினேன். கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டியது.