பெரியப்பா விற்ற வேன்

பெரியப்பாவை நான் ஒன்பது வயதிலிருந்து வெறுத்தேன். அதற்குக் காரணம் துரு.

அப்போது ஜப்பான்காரன் ஆட்சி. நாங்கள் மலாக்காவில், காஜா பேராங்கில், ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். அப்பா ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். தோட்டம் மூடியதும் வேலையில்லாமல் வீட்டோடு இருந்தார். அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, தெங்கேராவில் இருந்தார். அவரிடம் ஒரு பழைய வேன் இருந்தது. கிளேபாங் கடற்கரையில் மீன் ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவார். பெட்ரோல் கிடைக்காமல் போனபின் வண்டிக்குப் பின்னால் கரியடுப்பு ஒன்றைப் பொருத்தி, அதன் புகையில் ஓட்டினார். வேன் வருவதற்கு முன்பே நாற்றம் வந்துவிடும்.

ஒருநாள் காலையில் அந்த வேன் எங்கள் வாசலில் நின்றது. அப்பா அதை வாங்கிவிட்டார். குருபோங்கிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்து விற்கப் போவதாக எங்களிடம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் கம்பத்தில், அந்தக் குடியிருப்பு முழுவதிலும், வேன் வைத்திருக்கிற வீட்டுப் பெண் நான் ஒருத்திதான்.

அந்தப் பெருமை மத்தியானம் வரைதான் நின்றது. அப்பா ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். நானும் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். வண்டியின் எடையையெல்லாம் தாங்குகிற நீள இரும்புச் சட்டம் இரண்டும் புதுத் தார் பூசி மினுமினுத்தன. அப்பா சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். முன்பக்கம் கணீரென்று ஒலித்தது. பின்சக்கரத்துக்கு அருகே வந்தபோது மண்ணில் தட்டியது போல் சத்தமே எழவில்லை. இன்னொரு தட்டு. தாரோடு சேர்ந்து துரு அப்பளம் அப்பளமாக அவர் மார்பில் உதிர்ந்தது. என் விரல் உள்ளே போகிற அளவு ஓட்டை. விட்டுப் பார்த்தேன், போனது. வருடக்கணக்காக மீன் பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் இரும்பைத் தின்று முடித்திருந்தது. இரண்டு பக்கமும் அதே கதி.

“இதை மறைக்கத்தான் தார் அடிச்சாராப்பா?” என்று கேட்டேன்.

அப்பா கண்ணில் விழுந்த துருவைத் துடைத்துக்கொண்டு, “தள்ளிப் படு, மேல கொட்டும்” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, பெருமூச்சுகூட விடவில்லை. சொந்தத் தம்பியை ஏமாற்றியவரை இவர் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் கேட்காவிட்டால் நான் கேட்பேன் என்று மறுநாள் தனியாகவே தெங்கேராவுக்கு நடந்தேன். பெரியப்பா வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா கைக்குழந்தையோடு கதவருகே நின்றாள். என்னைப் பார்த்ததும், “பசியாறிட்டியாம்மா?” என்றாள்.

“வேனுக்கு அடியில ஓட்டையா இருக்கு. தாரைப் பூசி எங்கப்பாவை ஏமாத்திட்டீங்க” என்றேன்.

பெரியப்பா கை நின்றது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. “உங்கப்பனுக்கு எல்லாம் தெரியும்மா” என்றார்.

இதைவிடப் பெரிய பொய் இருக்க முடியுமா? பெரியம்மா கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள். பாதி வழியில் அதைச் சாக்கடையில் எறிந்தேன். வீட்டில் கருவாட்டின் வாசனையே கண்டு மாதக்கணக்காகியிருந்தது. எறிந்தபின் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. நான் போய்வந்தது தெரிந்ததும் அப்பா என்னைத்தான் திட்டினார். “பெரியவங்ககிட்ட போய் நியாயம் கேக்குற வயசா உனக்கு?”

அப்புறம் நடந்ததுதான் பெரிய அநியாயம்.

சடக்கோரத்தில், ரோட்டை ஒட்டி, பட்டறை வைத்திருந்த சீனக் கொல்லர் ஒருவர் வந்து பார்த்தார். மக்கிய பாகத்தை அறுத்தெடுத்துவிட்டு, நல்ல இரும்பு இருக்கும் இடம்வரை பட்டை வைத்து ஆணி அறைந்தால் வண்டி ஓடும் என்றார். ஆனால் பட்டைக்கு இரும்பு வேண்டும். ஊரில் இரும்பையெல்லாம் ஜப்பான்காரன் வாரிக்கொண்டு போயிருந்தான். அப்பா வீட்டுக்குள் வந்து சுற்றிலும் பார்த்தார். அவர் பார்வை எங்கள் இரும்புக் கட்டிலில் போய் நின்றது.

தோட்டத்துத் துரை ஊருக்குப் போனபோது விட்டுப்போன கட்டில் அது. அம்மாவும் நானும் தம்பியும் அதில்தான் படுப்போம். மழை பெய்தால் தரையெல்லாம் ஈரமாகிவிடும் அந்த வீட்டில் காய்ந்த இடம் அது ஒன்றுதான். அப்பா திருகாணிகளைக் கழற்றத் தொடங்கியதும் நான் கட்டிலின் ஒரு காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“கிழங்கு ஏத்துறதுக்கு என் கட்டில்தான் கிடைச்சுதா? அதோ இருக்கிற குருபோங்குக்குப் போய்வர இவ்வளவு இரும்பு எதுக்கு?”

அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அடித்ததில்லை. அடித்துவிட்டு அவளே தலைமாட்டுச் சட்டத்தைத் தூக்கி அப்பாவிடம் கொடுத்தாள்.

மூன்று நாள் வேலை நடந்தது. அப்பா செங்கல்லையும் கம்பித் தூரிகையையும் வைத்துத் துருவைத் தேய்த்துத் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரியும்வரை விடவில்லை. கொல்லர் கட்டில் சட்டத்தை அளந்து அறுத்துப் பழுக்கக் காய்ச்சிய ஆணிகளை அறைந்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு பட்டை வைத்ததும், “சுக்குப்லா” என்றார், போதும் என்று. அப்பா தலையை ஆட்டி, உள்பக்கமும் ஒன்று வைக்கச் சொன்னார். அதற்காகக் கட்டிலின் கால்களும் போயின. நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி ஈரத் தரையில் பாயில் படுத்து, யார் பக்கமும் திரும்பாமல் கிடந்தேன்.

வேலை முடிந்த இரண்டாம் நாள் காலையில் கையில் துணிப்பட்டை கட்டிய, கணக்கு எழுதும் தமிழ்க் கிராணி ஒருவரும் ஒரு ஜப்பான் சிப்பாயும் வந்தார்கள். கூடவே மூட்டைகளோடு ஏழெட்டு ஆட்கள் வந்து வேனில் ஏறிக்கொண்டார்கள். அப்பாவும் ஒரு மூட்டை வைத்திருந்தார். நான் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டின் அருகே போய் உட்கார்ந்துகொண்டேன்.

“பாப்பா, வா” என்று அப்பா கூப்பிட்டார். நான் போகவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டார். அம்மா என்னை இழுத்துப்போக வந்தாள். “விடு, கோவமா இருக்கா” என்று அப்பா சொன்னது கேட்டது. கரியடுப்பு புகைந்து வண்டி கிளம்பிய சத்தமும் கேட்டது.

வேன் சயாம் ரயில் பாதை போடும் இடத்துக்குப் போனது. அப்பா திரும்பவில்லை. போர் முடிந்து வந்த ஒருவர், காய்ச்சலில் போய்விட்டார் என்றார்.

பெரியப்பா வந்தபோதெல்லாம் நான் முகம் கொடுக்கவில்லை. அம்மா மட்டும் அவருக்குக் காப்பி கலக்கிக் கொடுத்தாள். எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள், இந்த மனுஷனுக்கு எதற்குக் காப்பி என்று அவளிடம் சண்டைக்குப் போனேன். அப்போதுதான் சொன்னாள். வண்டி வைத்திருப்பவர்களை வண்டியோடு சயாமுக்கு அனுப்ப எடுத்த பட்டியலில் பெரியப்பாவின் பெயர் இருந்ததாம். அவருக்கு நெஞ்சுச் சளி. மலைக்காட்டில் ஒரு மாதம் தாங்கமாட்டார். ஐந்து பிள்ளைகள், கைக்குழந்தை வேறு. அப்பாதான் போய், வண்டியை என் பேருக்கு எழுதிக் கொடு என்று கேட்டாராம்.

“துருகூடத் தெரிஞ்சுதான் வாங்கினாரா?” என்றேன்.

“அவர்தான் தார் பூசச் சொன்னாரு. பார்க்க வர்றவங்களுக்கு ஓட்டை தெரிஞ்சா, வேற நல்ல வண்டியா கொண்டான்னு அண்ணனையே பிடிப்பாங்கன்னு.”

கேட்டபின் கோபம் தணியவில்லை, இன்னும் கூடியது. கேட்டதும் கொடுத்துவிட்டவர் மேல், கேட்டு வாங்கியவர் மேல், என்னிடம் சொல்லாமல் அறைந்தவள் மேல், மனிதர்களை எண்ணிப் பட்டியல் எழுதியவன் மேல். இன்றும் அது இருக்கிறது.

ஆனால் அன்று காலையில் கோழிக்கூண்டின் பக்கத்தில் எனக்கு இருந்தது வேறு கோபம். சாயங்காலம் கிழங்கோடு அப்பா வந்து இறங்கியதும், புதுக் கட்டில் எப்போது வாங்கித் தருவாய் என்று நேருக்கு நேர் கேட்க வேண்டும் என்றிருந்தேன். அதுவரை பேசக்கூடாது என்பதுதான் என் முடிவு.