கிராபிக்ஸ் கார்டில் வந்த வாடை

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் செக்கிங் பார்க்கிறேன். தோலுக்குப் பளபளப்பு தரும் லேக்கரைப் பூசி மறைத்த கீறல் என் கண்ணுக்கும் மூக்கிற்கும் தப்பாது என்று எனக்கு ஒரு கர்வம்.

மகளின் டிசைன் படிப்புக்காக வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக்கொண்டிருந்தோம். பிராசஸர், ரேம் எல்லாம் புதிதாக வாங்கியாயிற்று. எங்கள் பட்ஜெட்டுக்கு கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழையதுதான் கட்டுப்படியானது. ஓடித் தேய்ந்த கார்டுக்கு மேல்பூச்சு அடித்து விற்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்ததும் வேலூருக்குப் பஸ் ஏறிப் போய், கடை கடையாக மோந்து பார்த்தேன். எல்லாக் கார்டிலும் லேக்கர் வாடை. எல்லாரும் திருடர்கள் என்று வீட்டில் வந்து கத்தினேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து போனபோது மகளும் கூட வந்தாள். புதுக் கடையில் பாய் ஒருவர் கொடுத்த கார்டிலும் அதே வாடை.

"இன்னா பாய், பூச்சு அடிச்சி ஏமாத்துறீங்களா?" என்று எகிறினேன்.

அவர் கோபப்படவில்லை. கார்டை வாங்கி மோந்துவிட்டு மகளிடம் நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் வரலம்மா," என்றாள் அவள்.

"பின்னாடி குழாய் இருக்கு. சோப்பு போட்டு கை கழுவிட்டு வந்து பாருங்கம்மா," என்றார் பாய்.

கழுவிவிட்டு வந்தேன். கார்டில் வெறும் தூசி வாடைதான் இருந்தது.

அந்தக் கார்டு இன்றும் நன்றாக ஓடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி குத்துகிறது. அத்தனை கடையிலும் ஒரே வாடை வந்தபோது, அத்தனை கடைக்கும் போனது என் கைதான் என்று எனக்கு ஏன் தோன்றவே இல்லை?