கலப்பை ஏறும் வரை

நல்லம்பள்ளிப் பக்கத்தில் வேளாங்கண்ணியின் டிராக்டரைத் தெரியாதவர் கிடையாது. கணவர் பெரியநாயகம் முதுகுவலி என்று இறங்கியவர் திரும்ப ஏறவில்லை. அன்றிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். அதன் லிஃப்ட் எவ்வளவு மெதுவென்றால், கலப்பையைத் தூக்க லீவரை இழுத்துவிட்டு அதியமான்கோட்டை போய் டீ குடித்து வரலாம். வரும்போது கலப்பை பாதிதான் ஏறியிருக்கும். நான் போய்வந்து பார்த்திருக்கிறேன்.

சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு லீவர். ஒன்று கலப்பையை வைத்த உயரத்திலேயே நிறுத்தும். மற்றது மண்ணின் இழுவைக்கு ஆடும்: மண் இறுகினால் கலப்பையைக் கொஞ்சம் தூக்கும், இளகினால் இறக்கும். எங்கள் செம்மண்ணுக்கு அதுதான் தோது. அவள் கை தானாக அதற்கே போகும்.

போன ஆடியில் அப்துல் சுபான் கடலைக்காய் போடத் தன் கொல்லைக்காட்டை உழக் கூப்பிட்டார். கொல்லையின் நடுவே மண்ணுக்கடியில் மோட்டாரிலிருந்து தண்ணீர் போகும் பைப்பு ஓடியது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் மேட்டில் அவருடைய தக்காளி காய்த்து நின்றது.

“மேலாப்புல உழுங்க கண்ணிம்மா. பைப்பு ஒடைஞ்சா என் தக்காளி போச்சு.”

“ஆழமாத்தான கெடக்குது பாய்? என் கலப்பை அவ்ளோ தூரம் எறங்காது.”

ஆனால் பைப்பு புதைத்த இடத்தில் மண் இன்னும் இறுகவில்லை. அங்கே வந்ததும் லீவர் தன் குணத்தைக் காட்டியது. கலப்பை சரேலென்று கீழே போனது. ‘டக்’கென்று ஒரு தட்டல். கிளட்ச்சை மிதித்து வண்டியை நிறுத்தி லீவரை இழுத்தாள். கலப்பை அசையவில்லை.

“லிஃப்ட்டு செத்துப்போச்சா?” சுபான் தலையில் கை வைத்தார். “பின்னாடி எடுங்கம்மா!”

“சும்மா இருங்க பாய். கலப்பைக் கொழு எந்தப் பக்கம் மாட்டியிருக்கோ, நகந்தா பைப்பு பிச்சுக்கும்.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தப் பழைய வண்டியில் கிளட்ச்சை மிதித்தால் சக்கரத்தோடு லிஃப்ட்டும் நின்றுவிடும். பதற்றத்தில் காலை எடுக்கவே இல்லை. பிரேக்கை அழுத்தி, கியரை நியூட்ரலில் தள்ளி, கிளட்ச்சை விட்டாள். கலப்பை தன் வழக்கமான வேகத்தில் ஏறத் தொடங்கியது.

“இது ஏறி முடிக்கறதுக்குள்ள தொட்டில்ல கெடக்கற எம்பேத்திக்கு நிக்காஹே முடிஞ்சிரும்.”

“பிரியாணிய இங்கயே குடுத்தனுப்புங்க, சீட்ல உக்காந்தே சாப்பிடறேன்.”

கொழு வெளியே வந்ததும் சுபான் மண்ணைக் கையாலேயே பறித்தார். பைப்பின் மேல் வெள்ளையாக ஒரு கீறல். ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். இருவரும் குழியையே பார்த்தார்கள். மண் நனையவில்லை; மேட்டில் தக்காளிக்குத் தண்ணீர் ஏறிவிட்டது.

வேளாங்கண்ணி, வைத்த உயரத்திலேயே நிறுத்தும் முதல் லீவருக்கு மாறினாள். சுபான் பைப்பு ஓடும் இடத்தில் அடையாளமாக நின்றுகொண்டார். அவர் கை தூக்கினால் அவள் கலப்பையைத் தூக்க வேண்டும். லிஃப்ட்டின் குணம் தெரிந்துவிட்டதால், வண்டி கொல்லைக்கோடியில் திரும்பும்போதே கையைத் தூக்கிவிட்டார்.

“கை வலிக்கப்போவுது, எறக்குங்க பாய்!”

“உங்க கலப்பை மொதல்ல ஏறட்டும், எறக்கறேன்.”