ஆட்டு மூளையும் அம்மாவின் கணக்கும்

மந்தாரை இலைப் பொட்டலத்தைப் பிரித்ததும் இலையின் பச்சை வாசனையோடு லேசான இரத்த வாடையும் சேர்ந்து அடிக்கும். நடுவில், விரல் பட்டால் குழைந்துவிடும்போல, வெளிர் சிவப்பில் ஓர் ஆட்டு மூளை உட்கார்ந்திருக்கும். கணக்குப் பரீட்சை நெருங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நகரிக் கடைத்தெருவிலிருந்து நைனா அதை எனக்கென்றே வாங்கிவருவார். எங்கள் பக்கத்தில் அப்பா என்றால் "நைனா"தான். அம்மா மிளகு தட்டிப்போட்டு வறுத்து, "துன்னு பாப்பா, கணக்கு வரும்" என்பாள். கணக்கு வரவில்லை. வேறொன்று வந்தது.

அடுப்புக்குப் போகுமுன் அதைக் குனிந்து பார்ப்பது என் பழக்கம். தோல் உரித்த வேர்க்கடலையைப் போல அது நடுவே பிளந்து இரண்டு பாதியாக இருக்கும். ஆட்டுக்கு எதற்கு இரண்டு என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் மனிதனுக்கு எதற்கு என்பது ஒன்பது வயதில் சட்டென்று விளங்கிவிட்டது. ஒரு பாதியில் தமிழ், மற்றதில் தெலுங்கு! எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே பேச்சுக்குள் இதிலிருந்து அதற்குத் தாவுவதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்? ஆந்திர ராஜ்யம் பிரிந்தபின், நகரி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நானோ மண்டைக்குள் எந்தப் பக்கம் எது இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

ஆராய்ச்சி தம்பியிடம் தொடங்கியது. நெசவு நூலைச் சுற்றும் "தார்"க்குச்சியால் அவன் தலையில் வலப்பக்கம் ஒரு தட்டு, இடப்பக்கம் ஒரு தட்டு. எந்தப் பக்கம் தட்டினாலும் அழுகைதான் வந்தது, மொழி வரவில்லை. அதற்குக் கிடைத்த உதைக்குப் பிறகு, தட்டுவதை விட்டுவிட்டு ஒட்டுக்கேட்கத் தொடங்கினேன். யார் எதற்கு எந்த மொழி பேசுகிறார்கள் என்று பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தேன். நைனாவின் கதைதான் வேடிக்கை. சென்னையோடுதான் சேர வேண்டும் என்று ஒரு கூட்டம் விடாமல் போய்வந்தவர், வீட்டுக்குள் தமிழைத் தவிர வேறெதுவும் புழங்கக் கூடாது என்றவர், தறியில் இழை அறுந்தால் மட்டும் அதைச் சுத்தமான தெலுங்கில் திட்டினார்.

அம்மா பலமனேர்க்காரி, தெலுங்கு வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்து தமிழ் கற்று, சண்டையும் கொஞ்சலும் தமிழிலேயே செய்ய வந்துவிட்டது அவளுக்கு. நோட்டில் அவள் பெயருக்கு நேரே எல்லாம் தமிழ் என்றே எழுதியிருந்தேன், ஒன்றைத் தவிர. ராட்டையில் சுற்றி முடித்த தார்களை எண்ணிக் கூடையில் போடும்போது, "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு" என்று தனக்குத்தானே மெல்லப் பாடுவதுபோல எண்ணுவாள். தறிச் சத்தத்தில் நைனாவுக்கு அது கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்த எனக்குக் கேட்டது. புதையல் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

ஒரு நாள் காலையில், எந்த வீட்டில் என்ன மொழி என்று எழுதிக்கொள்ள இரண்டு பேர் தெருவுக்கு வந்தார்கள். சர்க்கார் ஆட்களா, மனு எழுதுகிறவர்களா, இன்றும் எனக்குத் தெரியாது. நைனா தறியை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போனார்.

"தமிழு. இந்த வீட்ல எல்லாருக்கும் தமிழு. எழுதிக்கோங்க."

"நைனா, அம்மா தார் எண்ணறது மட்டும் தெலுங்கு" என்றேன் நான், ஆராய்ச்சியாளரின் பெருமையோடு. "தெனம் கேட்டுக்கினுதான் இருக்கறேன். நோட்ல கூட எழுதி வச்சிக்கிறேன்."

வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். நைனாவின் முகம் செத்துப்போயிற்று. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா கையில் பிடித்த தாரோடு எழுந்து நின்று, "பாப்பாவுக்கு இன்னா தெரியும்? எனக்கு எல்லாம் தமிழுதான்" என்றாள்.

அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து அம்மா எண்ணும்போது உதடு மட்டும்தான் அசைந்தது. "சத்தம் நின்றுவிட்டது" என்று அதையும் நோட்டில் குறித்தேன், பாவி நான். ஏன் நின்றது என்று யோசிக்கும் புத்தி அப்போது இல்லை. பிறகு எல்லைக் கோடு போட்டார்கள். திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். நைனா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அம்மாவின் உதடு மட்டும் மாறவில்லை, எத்தனையோ வருஷம்.

இப்போது தறி இல்லை, நைனாவும் இல்லை. அந்த நோட்டு எங்கே போயிற்றோ. எண்பது தாண்டிய அம்மா போன மாதம் சமையலறையில் சாய்ந்து விழுந்தாள். திருப்பதி ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள், பேச்சும் திரும்பிற்று. தமிழ் மட்டும் திரும்பவில்லை. நாங்கள் பேசினால் புரிகிறது, பதில் தெலுங்கில்தான் வருகிறது. டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய படத்தில், இலைப் பொட்டலத்தில் பார்த்த அதே இரண்டு பாதி. "இதில் தமிழ் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்படிப் பாகம் பிரித்து வைத்ததில்லை, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது, எது போகும் எது நிற்கும் என்று எங்களுக்கே முழுதாகத் தெரியாது என்றார். அறுபது தாண்டியும் எனக்கு உள்ளுக்குள் அதே பழைய சிலிர்ப்பு, கூடவே வெட்கம்.

நேற்று அம்மாவின் உள்ளங்கையில் மாத்திரைகளை வைத்தேன். "ஒகட்டி, ரெண்டு" என்று வாய்விட்டே எண்ணத் தொடங்கியவள், சட்டென்று நிறுத்தி, தறி இருந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள். நைனா போய்விட்டார், இனிப் பயமில்லை என்று எந்த மொழியில் சொல்வது? "கட்டிகா செப்பம்மா" என்றேன், சத்தமாகவே சொல் என்று. அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மாத்திரை மூன்றுதான் இருந்தது. அம்மா பத்து வரை எண்ணினாள்.