அலுவலகப் பேருந்தில் எழுதிய நாற்பது வரிகள்

புதுப்பட்டினத்திலிருந்து சிறுசேரிக்குப் போகும் எங்கள் அலுவலகப் பேருந்தில், தன் சொந்த மடிக்கணினியை முழங்கால்மேல் சாய்த்துத் தட்டச்சு செய்தபடி என்னருகே அமர்ந்து வந்த சக ஊழியரை நினைத்தால், அவளுக்கு நடந்ததன்மேல் இன்றும் எனக்குக் கோபமே முந்துகிறது.

அவள் மீனவர் வீட்டுப் பெண். அவளுடைய அண்ணன், அலையும் காற்றும் மிகுவதை முன்கூட்டிச் சொல்லும் இலவசச் செயலி ஒன்றைக் கைபேசியில் வைத்திருந்தார். எங்கெங்கோ இருப்பவர்கள் ஊதியமின்றிக் கூடி எழுதும் திறந்த மூல நிரல் அது. திருத்தம் யாரும் அனுப்பலாம். அதில் ஒரு குறை: கரையை விட்டு விலகிச் சிக்னல் அறுந்ததும், அதுவரை வந்திருந்த எச்சரிக்கையும் திரையிலிருந்து மறைந்துவிடும். “கரையில நிக்கிறவனுக்குத்தான் இது சொல்லுது. எங்கண்ணன் கடலுக்குள்ள கீறான்க்கா” என்பாள். ஒரு மாதப் பேருந்துப் பயணங்களில், கடைசி எச்சரிக்கையைக் காத்துவைக்கும் நாற்பது வரிகளை எழுதி அனுப்பினாள். அவை ஏற்கப்பட்டன. “அண்ணன் வவ்வா மீன் எடுத்து வச்சிருக்கான்க்கா. லஞ்சமாம்!” என்று சிரித்தாள்.

பங்களித்தோர் பட்டியலில் அவள் பெயரைக் கண்ட மேலாளர், அவளையும் குழுத்தலைவியான என்னையும் அழைத்தார். நிறுவன வசதிகளைக் கொண்டு உருவாக்கும் எதுவும் நிறுவனத்துக்கே சொந்தம் என்பது பணி ஒப்பந்த விதி.

“லேப்டாப் உன்னுதுதான், ஒத்துக்கிறேன். பஸ் யாரோடதும்மா? டீசல் யாரு போடுறா?”

“பஸ்ஸு உங்களுது சார். அதுல குந்திகினு வந்தா மண்டையும் உங்களுதா?”

அவர் என் பக்கம் திரும்பினார். பேருந்து தாமதமான நாள்களில், ‘பயணம் பணி நேரமாகாது’ என்று எங்கள் அரைநாள் விடுப்பை வெட்டியவர் இதே மனிதர். பயண நேரம் எங்களுடையதென்றால் அதில் எழுதியதும் எங்களுடையதுதானே? இந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் போதும். பதவி உயர்வு நெருங்கியிருந்தது. மேசைமேலிருந்த கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரிகள் தனக்கே சொந்தமென்று, செயலியை எழுதுவோருக்கு நிறுவனம் கடிதம் அனுப்பியது. வழக்குக்கு அஞ்சிய அந்தத் தன்னார்வலர்கள் நாற்பது வரிகளையும் நீக்கினார்கள். அவற்றால் நிறுவனத்துக்கு எள்ளளவும் பயனில்லை. இன்றுவரை அவற்றை அது தொட்டதுமில்லை. அவள் வேலையை விட்டாள். கடைசி நாளில் என்னைத் திட்டவில்லை. “பக்கத்து சீட்லதானக்கா இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அவளுடைய அண்ணன் இன்றும் கடலுக்குப் போகிறார். சிக்னல் அறுந்ததும் அவர் திரை இன்றும் வெறுமையாகிறது. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

பக்கத்து இருக்கையில்தான் இருந்தேன், தங்கச்சி. ஒவ்வொரு வரியையும் நீ எழுதப் பார்த்தேன். இதை அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும்.