மகள் வீட்டில் ஒரு பிரஷர் மெசின்

பிரஷர் மெசின் வைத்துக் கழுவுகிறவனுக்கு ஊரிலுள்ள மதில்கள் எல்லாம் பழக்கம்; மனிதர்கள்தான் அவ்வளவு பழக்கமில்லை.

கடற்காற்றில் பாசி பிடித்துக் கறுத்த மதில், முற்றத்துச் சீமெந்து, கரையில் ஏற்றிய தோணி, எல்லாவற்றையும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிக் கொடுப்பது என் தொழில். மெசின் பெற்றோலில் ஓடுவது. நான் வாங்கும்போதே இன்னொருவர் கைபட்டது. மெசினை ஸ்டார்ட் பண்ணக் கயிறு இழுத்து இழுத்துத் தோள் இறங்கிய சகோதரர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். சாய்ந்தமருதில் நானும் மனைவியும் இருந்த வீடு அப்படித்தான் மகளுக்குப் போனது. மனைவி மௌத்தாகி மண்ணுக்குப் போய் இரண்டு வருடம். நான் இப்போது மகள் வீட்டின் பக்கத்து அறையில் இருக்கிறேன். மருமகன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். நல்ல மனிதர், சண்டை பிடிக்கக்கூட வழியில்லை. காலையில் மெசினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வெளியே போனால்தான் எனக்கு மூச்சு வரும். அது நின்றுபோனால் பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு அதுதான் பயம்.

முப்பதாவது இழுப்பு

கல்முனைக்குடியில் ஒரு வீட்டு மதில். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிழமை இருந்தது. கயிற்றை முப்பது தரமாவது இழுத்திருப்பேன், மெசின் இருமியதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை. பழைய பெற்றோலை உள்ளே விட்டுவைத்தால் காபரேட்டருக்குள் பசைபோலப் படிந்துவிடும். தெரிந்தும் விட்டுவைத்தது என் சோம்பல். வாசலில் குந்தியிருந்து அதைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினேன்.

அதோடு ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் பிளக்கை மாற்றச் சொன்னார். இன்னொருவர் ஒயில் கூடிப்போச்சு என்றார். எதிர்வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்தது. சந்தியில் நின்ற ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் என் ஊர், பிள்ளைகுட்டி எல்லாம் விசாரித்தார். உண்மையைச் சொன்னால், துடைத்து முடிந்த பிறகும் இன்னொரு தரம் துடைத்தேன். பிறகு இழுத்தேன், ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு கலைந்தார்கள். ஓட்டோக்காரத் தம்பி மட்டும் கிட்ட வந்து, அண்ணனைக் கூப்பிடும் முறையில் கத்திச் சொன்னார்: "காக்கா, பழுதாக் கிடக்கக்குள்ளதான் உங்களோட கதைக்கலாம். இனி ஏலா, நாங்க போறம்."

கிணற்றுத் தண்ணீர்

கரையில் ஒரு தோணி கழுவக் கூப்பிட்டார்கள். கடலுக்கு ஐம்பது அடியில் இருந்த கிணற்றிலிருந்து தண்ணீர் தந்தார்கள். ஒரு வாய் வைத்துப் பார்த்திருந்தாலே உப்பு தெரிந்திருக்கும். "நல்ல தண்ணி" என்று தோணிக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னதால் நம்பிவிட்டேன். அடுத்த கிழமை பம்பைத் திறந்தால் வால்வு எல்லாம் வெள்ளை பூத்து இறுகிக் கிடக்கிறது. இரண்டு நாள் சுரண்டினேன். தோணிக்காரரைச் சந்தையில் கண்டு முறையிட்டேன். அவருக்குத்தான் கோபம் வந்தது: "அந்தத் தண்ணியிலதான் நாங்க வருசக்கணக்காக் குளிக்கிறம், எங்களுக்கு ஒண்டும் இறுகல்லயே!"

பாங்கு சொன்ன நேரம்

மருதமுனையில் ஒரு முற்றம். பாதி வேலையில் நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னது. சூடான எஞ்சினை நிறுத்தினால் ஆறும்வரை திரும்பப் பிடிக்காது, இது என் மெசினின் குணம். அதனால் எஞ்சினை மெதுவாக்கி, தண்ணீர் பீய்ச்சும் குழாயின் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்து நின்றேன். வெளியே போக வழியில்லாத தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச்சுற்றிக் கொதிக்கும். அது எனக்குத் தெரியாததல்ல. பாங்கு முடிகிறவரைதானே என்று நினைத்தேன். பாங்கு முடிந்ததும் வீட்டுக்காரப் பெரியவர் பக்கத்தில் வந்தார். "உங்கட பொஞ்சாதிதானே எங்கட மகள்ற கலியாணத்துக்குச் சட்டை தைச்ச?" என்று தொடங்கினார். அவள் தையலைப் பற்றி, சிரிப்பைப் பற்றி எல்லாம் கதைத்தார். மகள் வீட்டில் இப்போது என் மனைவியைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. என் மனம் நோகும் என்று நினைக்கிறார்கள். நான் எஞ்சினை மறந்தே போனேன்.

நினைவு வந்து விசையை அழுத்தினால் ஆவிதான் வந்தது. பம்புக்கு அடியில் தண்ணீர் ஒழுகியது. உள்ளே ரப்பர் சீல் மூன்றும் கருகிவிட்டன. கல்முனையில் மெசின் சாமான் கடைக்காரர் அவற்றை விரலில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இந்த மொடல் இப்ப வாறல்ல, காக்கா. இத எறிஞ்சி போட்டுச் சும்மா ஊட்டுல இருங்க."

ஒன்பது நாள்

இருந்தேன், ஒன்பது நாள். மகள் எனக்குத் தேத்தண்ணி தந்தது விருந்தாளிக்கு எடுக்கும் பூப்போட்ட கோப்பையில். நான் வீட்டு மண்டபத்துக்கு வந்தால் மருமகன் கதிரையை விட்டு எழும்புவார். எழும்ப வேண்டாம் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. எல்லாரும் மெதுவாகக் கதைத்தார்கள், நானும் மெதுவாக நடந்தேன். முப்பது வருடம் இருந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போகவும் கேட்டுவிட்டுப் போனேன். எனக்கு அழுகையே வந்தது.

பத்தாம் நாள் பெரியநீலாவணையில் ஒரு கராஜின் பின்வளவில் என் மெசினைப் போலவே ஒன்று துருப்பிடித்துக் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். எஞ்சின் செத்துவிட்டது, பம்ப் நல்லது. சீல்களைக் கழற்றிவந்து, கிறீஸ் பூசி, வீட்டு வளவுக்குள் வைத்தே பம்பில் பொருத்திப் பூட்டினேன். ஒன்பதாவது இழுப்பில் பிடித்தது. பாத்திரங்கள் அதிரும் சத்தம். மகள் குசினியிலிருந்து ஓடிவந்தாள். ஏசப்போகிறாள் என்று எஞ்சினை நிறுத்தும் சுவிட்சில் கையை வைத்தேன். அவள் சிரித்தாள், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத சிரிப்பு. "நிப்பாட்டாதீங்க வாப்பா. இந்தச் சத்தம் கேக்காட்டி நீங்க ஊட்டுல இரிக்கீங்களா இல்லயா எண்டே எங்களுக்கு விளங்கிறல்ல."

அதனால் இப்போது வேலை இல்லாத நாளிலும் காலையில் வளவுக்குள் ஐந்து நிமிடம் ஓடவிடுகிறேன், யாராவது கேட்டால் எஞ்சினுக்கு நல்லது என்று சொல்லிக்கொள்கிறேன்.