சாவித் துளை இல்லாத டிக்கி

நோயல் பாஸ்கோ தன் காரின் டிக்கிக்குச் சாவித் துளையே வேண்டாம் என்று முடிவெடுத்து இருபது வருஷம் இருக்கும். போர்ட் அகஸ்டா ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். இரண்டே பேர் உட்காரும் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத் துருப்பிடித்த கூடாக வாங்கிவந்து, ஒவ்வொரு தகடாகத் தட்டி நிமிர்த்தினார். டிக்கி மூடியை மட்டும் அலுமினியத்தில் புதிதாகவே செய்தார். ஞாயிற்றுக்கிழமை கார் கண்காட்சிகளில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு தடவிப் பார்க்கும் நடுவர்களுக்கு வழவழப்பான மூடியில் ஒரு துளை தெரிந்தால் முகம் கோணிவிடுமாம். அதனால் துளையை வெல்டிங் வைத்து அடைத்து, தேய்த்து, பெயின்ட் மேல் பெயின்ட்டாக அடித்தார். டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு பொத்தான் வைத்தார். அமுக்கினால் திறக்கும். அமுக்கியும் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் யோசிப்பதில்லை. கோப்பை கிடைத்ததா, அவர்களுக்கு அது போதும்.

அந்தக் காரைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மகள் ரொவீனா சின்ன வயதில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் காரேஜுக்குள் வருவாள். பழகிப்போய்ப் பள்ளிக்கூடத்திலும் அப்படியே நின்றாள். டீச்சர் கேட்டனுப்பினார், பிள்ளையை வீட்டில் மிரட்டி வைத்திருக்கிறீர்களா என்று.

நோயலின் மனைவி மார்ஜரியை அடக்கம் செய்த அன்று ஆலங்கட்டி மழை பிடித்தது. பெட்டி குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நோயல் மகளின் கையை விட்டார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நிறுத்தியிருந்த காருக்குப் போர்வை போர்த்த ஓடினார். திரும்பி வந்தபோது எல்லோரும் மண் போட்டு முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு ரொவீனா ஆறு வருஷம் அப்பாவோடு பேசவில்லை. யார்தான் பேசுவார்கள்?

போன மாதம் அவளே போன் செய்தாள்.

"அப்பா, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆஸ்பத்திரியில எனக்கு வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் முதல் வியாழக்கிழமை பஸ்ல போறோம். உங்க ஊர் ரோட்ஹவுஸ்ல சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் நிறுத்துவான். ஐடா உங்களைப் பார்த்ததே இல்ல. வர்றதுன்னா வாங்க."

"வர்றேம்மா."

"வர்றேன்னு சொல்லாதீங்க. வாங்க."

பேத்தி ஐடாவுக்கு நாலு வயது. நோயல் அந்த மாதம் முழுக்க காரேஜிலேயே கிடந்தார். மிச்சமிருந்த அலுமினியத் தகட்டில், தன் காரைப் போலவே ஒரு குட்டிக் கார் செய்தார். உட்கார்ந்து காலால் மிதித்து ஓட்டுவது. அதே சிவப்பு. மகளிடம் சொல்ல வாசகம் ஒன்றும் தயார் செய்து, சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினார்: "இதை அவ எப்படி வேணா கீறட்டும், ரோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." மன்னித்துவிடு என்று சொல்ல அந்த மனிதருக்கு நாக்கு எழாது. எழுந்த அளவு இதுதான்.

வியாழக்கிழமை காலை குட்டிக் காரை டிக்கிக்குள் திணித்து மூடினார். அதன் ஸ்டீயரிங் கொஞ்சம் உயரம். மூடி பூட்டிக்கொண்டது, ஆனால் ஓர் ஓரம் நூலளவு தூக்கி நின்றது. வேறு யாராக இருந்தாலும் கிளம்பியிருப்பார்கள். மூடி தூக்கிக்கொண்டு ஊருக்குள் போவதா என்று நோயலுக்கு மனசு வரவில்லை. சரியாக வைத்து மூடலாம் என்று பொத்தானை அமுக்கினார். உள்ளே உர்ரென்றது. கொக்கி பாதி விலகிச் சிக்கிக்கொண்டது; விடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி கிளெனிஸ் ஒரு டப்பா லாமிங்டன் கேக்கோடு வந்து நின்றபோது, நோயல் மல்லாந்து படுத்து, நம்பர் பிளேட் விளக்கைக் கழற்றிய ஓட்டைக்குள் கம்பி விட்டுக்கொண்டிருந்தார். சீட்டைக் கழற்றி வெளியே வைத்துப் பார்த்துவிட்டு, பின்னால் முழுத் தகட்டுச் சுவர்தான் இருக்கிறது என்று மறுபடி மாட்டியும் ஆகிவிட்டது. அந்தச் சுவரை வைத்ததும் அவர்தான்.

"யோவ் நோயல், பஸ் வர்ற நேரம்யா. காருக்குப் பிரசவம் பார்த்துட்டு இருக்கியா?"

"கொக்கி சிக்கிக்கிச்சு."

"உள்ள இருக்கறது முட்டிட்டு நிக்குது, அதான். மேல உக்காந்து அமுக்கறேன், நீ பொத்தானை அமுக்கு. டப்புன்னு விட்டுடும்."

அவள் கையை மூடிமேல் வைக்கப்போனாள்.

"ஐயோ, தொடாதே!" நோயல் காருக்கு அடியிலிருந்து தலையை இடித்துக்கொண்டு எழுந்தார். "அலுமினியம் அது! பள்ளம் விழுந்துடும். உன் கையில மோதிரம் வேற."

"சரி, தொடல. அப்படியே ஓட்டிட்டு வா. டிக்கி திறக்கலைன்னா என்ன, வண்டியா ஓடாது?"

"வெறுங்கையோடயா?"

"உன் மூஞ்சியைப் பார்க்கத்தான்யா வர்றா. பொம்மைக் காரைப் பார்க்க இல்ல. என் வண்டியில ஏறு."

கிளெனிஸ் சொன்னது நியாயம் என்று நோயலுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குட்டிக் கார் இல்லாமல் மகள் முன்னால் நின்றால் என்ன சொல்வது? பழகிவைத்தது அந்த ஒரு வாசகம். அதுவும் டிக்கிக்குள் மாட்டிக்கொண்டது.

"நீ முன்னால போ. அவங்களைப் பிடிச்சு வை. கொக்கி நுனியில கம்பி பட்டுடுச்சு. ஒரு நிமிஷம்."

கிளெனிஸ் போனாள். கம்பி நுனியில் பட்டது, வழுக்கியது. சட்டை மாட்டும் ஹேங்கரை நிமிர்த்தி விட்டார். அதுவும் வழுக்கியது. வெயில் தகரக் கூரையைக் காய்ச்சியது. மகளைப் பார்க்கவென்று போட்ட வெள்ளைச் சட்டையில் கிரீஸ் அப்பியது. இந்தத் தடவை, இந்தத் தடவை என்று ஒவ்வொரு தடவையும் கம்பியை விட்டார். சூதாடுகிறவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை.

கிளெனிஸின் வண்டி திரும்பி வந்து நின்றது. அவள் மட்டும் இறங்கினாள்.

"போயிட்டாங்களா?"

"டிரைவர் எவ்வளவு நேரம் நிப்பான்? ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தான். அந்தப் பொண்ணு சாஸ் ஒழுக கறி பஃப்ஸ் தின்னுக்கிட்டு, தாத்தா எங்க, தாத்தா எங்கன்னு வாசலையே பார்த்துட்டு இருந்துச்சு."

"ரோ என்ன சொன்னா?"

கிளெனிஸ் சொன்னாள். "கார்கிட்ட இருக்காரான்னு கேட்டா. ஆமான்னேன். சிரிச்சா, நோயல். அழுதிருந்தாக்கூட எனக்குப் பரவாயில்லாம இருந்திருக்கும். ஆனா ஏறும்போது மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தா."

நோயல் கம்பியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படியே முன்னால் சரிந்து, இரண்டு உள்ளங்கையையும் நெற்றியையும் டிக்கி மூடிமேல் வைத்து, மொத்த உடம்பையும் சாய்த்தார்.

டக்.

மூடி அவரைத் தூக்கிக்கொண்டு மெல்ல எழுந்தது. உள்ளே குட்டிக் கார் பளபளவென்று இருந்தது. பெரிய காரின் மூடியில் பள்ளம் ஒன்றும் விழவில்லை.

"திறந்துடுச்சு!" கிளெனிஸ் கத்தினாள். "பஸ் இப்பதான்யா கிளம்புச்சு. வடக்கே ஒரே ரோடு. இவ்வளவு வருஷம் சீராட்டினியே, இன்னைக்காவது இதை மிதி! ஏறு, பிடிச்சிடலாம்!"

நோயல் தலையாட்டினார். சாவி பைக்குள்தான் இருந்தது. குட்டிக் காரைச் சற்றுச் சாய்த்து வைத்துவிட்டு மூடியைத் திரும்பச் சாத்தினார். இந்த முறை சுத்தமாகப் பொருந்தியது. அப்போதுதான் கண்ணில் பட்டது: சிவப்பின்மேல் கிரீஸும் வேர்வையுமாக இரண்டு கைத்தடம், நடுவில் நெற்றி பதிந்த ஒரு மங்கல்.

பைக்குள் போன கை சாவியை எடுக்கவில்லை. அங்கே எப்போதும் இருக்கும் மெல்லிய துணியை எடுத்தது.

"ஒரு நிமிஷம்" என்றார்.

கிளெனிஸ் கேக் டப்பாவை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நோயல் குனிந்து, வட்ட வட்டமாக, அழுத்தாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.